ஒரு கண் நுண்ணோக்கியில், ஒரு கண் ஓவியத்தாளில்

கடலையும் காட்டையும் தேடிப் பயணித்த விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹேக்கல், தூரிகையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை

எர்ன்ஸ்ட் ஹேக்கல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விலங்கியல் கற்பித்தவர். டார்வினின் பரிணாமக் கொள்கையை ஜெர்மன் மொழி பேசும் மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர். ஆயிரக்கணக்கான கடல்வாழ் உயிர்களை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர். உயிர்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு 1866-இல் பெயர் சூட்டியவரும் அவரே. வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் உருவாக்கிய அந்தப் பெயரைத்தான் தமிழில் சூழலியல் என்கிறோம்.

இத்தனை வேலைக்கும் நடுவே அவர் ஓவியராகவும் வாழ்ந்தார். இத்தாலி, கேனரித் தீவுகள், செங்கடல், இலங்கை, ஜாவா என்று எங்கே போனாலும் வலை, கண்ணாடிக் குப்பி, நுண்ணோக்கி இவற்றோடு நீர்வண்ணப் பெட்டியும் உடன் சென்றது. நூற்றுக்கணக்கான நிலக்காட்சிகளை அவர் தீட்டினார். அறுபத்தைந்தாவது வயதில் வெளியிடத் தொடங்கிய ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ என்ற படத்தொகுப்பு, கட்டடக் கலைஞர்களும் அலங்காரக் கலைஞர்களும் கையில் வைத்துப் புரட்டிய நூலாயிற்று. அறிவியலா, ஓவியமா என்ற கேள்வி இருபத்தைந்து வயதில் அவர் முன் வந்து நின்றது. அவர் அறிவியலைத் தேர்ந்தார். ஆனால் அந்த அறிவியலை வரைந்துதான் செய்தார்.

இரண்டு செடித்தொகுப்புகள்

ஹேக்கல் 1834 பிப்ரவரி 16 அன்று போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. குடும்பம் மெர்செபர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் ஹேக்கலுக்குச் செடிகளைச் சேகரித்து, தாளில் அழுத்தி உலர்த்தி, பெயர் எழுதி வைப்பதில் பெரும் ஆர்வம். புத்தகங்கள் சொல்லும் இனங்களுக்குள் சில செடிகள் அடங்கவில்லை. இரண்டு இனங்களுக்கு நடுவே, இரண்டின் சாயலோடும் அவை நின்றன. அதனால் அவர் இரண்டு தொகுப்புகளை வைத்துக்கொண்டார். புத்தகத்துக்குப் பொருந்தும் ‘நல்ல’ செடிகள் எல்லோரும் பார்க்கும் தொகுப்பில் இடம்பெற்றன. பொருந்தாதவை தனக்கு மட்டுமான தொகுப்பில் ஒளிந்தன. இனங்கள் நிலையானவை அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று மாறிவந்தவை என்ற டார்வினின் விளக்கத்தைப் பின்னாளில் படித்தபோது, அந்த மறைவான தொகுப்புக்கு அவருக்கு அர்த்தம் கிடைத்தது.

அவர் இளமையில் விரும்பிப் படித்த எழுத்தாளர்களில் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் முக்கியமானவர். தென்னமெரிக்கக் காடுகளிலும் மலைகளிலும் அலைந்த ஹம்போல்ட், இயற்கையை அளந்தால் மட்டும் போதாது, உணரவும் வேண்டும் என்று நம்பினார். நிலக்காட்சி ஓவியம் இயற்கை அறிவுக்கு ஒரு வாசல் என்று தம் ‘காஸ்மாஸ்’ நூலில் எழுதினார். ஓவியர்கள் வெப்பமண்டல நாடுகளுக்குப் போய், அங்குள்ள மரஞ்செடிகளை நேரில் பார்த்துத் தீட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த வேண்டுகோளை ஹேக்கல் தமக்கே விடுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லுமளவுக்கு அவருடைய வாழ்க்கை பின்னாளில் அமைந்தது.

தந்தையின் விருப்பப்படி மருத்துவம் படிக்க 1852-இல் வூர்ட்ஸ்புர்க் சென்றார். அங்கே அவரை ஈர்த்தது நுண்ணோக்கி. கோலிக்கர், ஃபிர்ஷோ ஆகிய ஆசிரியர்களிடம் திசுக்களையும் செல்களையும் பார்க்கக் கற்றார். பெர்லினில் யோஹானஸ் முல்லர் என்ற பெரும் உடலியல் அறிஞர் 1854 கோடையில் அவரை ஹெலிகோலாந்து தீவுக்கு அழைத்துச் சென்றார். நுண்ணிய துணிவலையைக் கடலில் இழுத்து, அதில் சிக்கியதைக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பார்ப்பது முல்லரின் முறை. வெறுங்கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தெரிவதில் எத்தனை உயிர்கள் நீந்துகின்றன என்பதை ஹேக்கல் அங்கே முதன்முதலாகப் பார்த்தார். 1857-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்லினில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்க்க அவர் ஒதுக்கிய நேரம் விடியற்காலை 5 முதல் 6 மணி வரை. மருத்துவத்தில் அவர் மனம் இல்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இத்தாலியில் இரண்டு வழிகள்

1859-இல் கடல் உயிர்களை ஆராய்வதற்காக இத்தாலி புறப்பட்டார். அத்தை மகள் முறையோ மாமன் மகள் முறையோ எனப் பிரிக்காமல் ஜெர்மானியர் ஒரே சொல்லால் அழைக்கும் உறவுக்காரப் பெண் அன்னா சேத்தேயுடன் அதற்கு முந்திய ஆண்டே திருமணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல ஆய்வொன்றை முடித்தால் பல்கலைக்கழக வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் திருமணம் என்பது ஏற்பாடு.

நேப்பிள்ஸில் வேலை சரியாக நடக்கவில்லை. மனம் சோர்ந்திருந்த அந்தக் கோடையில் இஸ்கியா தீவில் ஹெர்மன் அல்மர்ஸ் என்பவரைச் சந்தித்தார். அல்மர்ஸ் வடஜெர்மனியைச் சேர்ந்த கவிஞர், ஓவியமும் வரைபவர். இருவரும் மலையேறினார்கள், கடற்கரைகளில் அமர்ந்து வரைந்தார்கள். பிறகு காப்ரி தீவிலும் இதே வாழ்க்கை தொடர்ந்தது. சுண்ணாம்புப் பாறைகள், நீலக் கடல், திராட்சைத் தோட்டங்கள், மீனவர் வீடுகள் எல்லாம் தாளில் ஏறின. நுண்ணோக்கி பெட்டிக்குள் கிடந்தது. அறிவியலை விட்டுவிட்டு நிலக்காட்சி ஓவியராகவே வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணம் ஹேக்கலிடம் உறுதிப்பட்டுக்கொண்டு வந்தது. அன்னாவுக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தடுமாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. வேலையை முடிக்கும்படி தந்தை வற்புறுத்தினார்.

அக்டோபரில் அவர் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்தார். மெசினா நீரிணையின் நீரோட்டங்கள் ஆழ்கடல் உயிர்களைக் கரையருகே தள்ளிக்கொண்டு வரும். தினமும் காலையில் படகில் போய் வலை இழுத்தார். அந்த வலையில் ரேடியோலேரியா சிக்கின. இவை ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவே இருக்கும். ஆனால் அந்த ஒற்றைச் செல், கடல்நீரிலுள்ள சிலிக்காவை எடுத்துத் தனக்கென ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. கண்ணாடியால் செய்தது போன்ற அந்தக் கூடு ஒன்றில் ஓட்டைப் பந்துபோல, இன்னொன்றில் மணிபோல, வேறொன்றில் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய உருண்டைகளைப்போல அமைகிறது. முட்கள் எல்லாத் திசைகளிலும் கணக்குப் போட்டாற்போல் நீண்டு நிற்கும்.

ஓவியராக ஆசைப்பட்டவருக்கு வரையத் தகுந்த பொருள் கிடைத்துவிட்டது. ஹேக்கல் நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, மற்றொரு கண்ணால் பக்கத்திலிருந்த தாளைப் பார்த்து ஒரே நேரத்தில் வரையக்கூடியவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. 1860 ஏப்ரலில் மெசினாவை விட்டுப் புறப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்கள் அவருடைய குறிப்பேட்டில் இருந்தன. 1862-இல் வெளிவந்த ‘ரேடியோலேரியா’ நூலோடு 35 செப்புத்தகட்டு அச்சுப் படங்கள் இணைந்திருந்தன. அதன் ஒரு பிரதியைப் பெற்ற டார்வின், தாம் பார்த்த நூல்களிலேயே மிகச் சிறப்பானவற்றில் ஒன்று என்று பாராட்டி எழுதினார். மெசினாவில் ஹேக்கல் கண்டுகொண்ட வழி இதுதான்: பார்ப்பதை வரைவது, வரைவதால் இன்னும் கூர்ந்து பார்ப்பது. ஓவியம் அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இல்லாமல் ஆராய்ச்சிக் கருவியாகவே ஆயிற்று.

அன்னாவின் பெயர் தாங்கிய ஜெல்லி மீன்

யேனாவில் ஹேக்கல் 1861-இல் கற்பிக்கத் தொடங்கினார். பேராசிரியரானதும் 1862 ஆகஸ்டில் அன்னாவை மணந்தார். ஒன்றரை ஆண்டுதான் அந்த வாழ்வு. 1864 பிப்ரவரி 16, ஹேக்கலின் முப்பதாவது பிறந்தநாள். ரேடியோலேரியா ஆய்வுக்காக ஜெர்மன் அறிவியல் கழகமான லியோபோல்டினாவின் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்ட அதே நாளில் அன்னா இறந்தார்.

உடைந்துபோனவரைக் குடும்பத்தார் மத்தியதரைக் கடலோரமுள்ள நீஸ் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே பாறைக்குழி நீரில் ஒரு ஜெல்லி மீன் மிதப்பதைப் பார்த்தார். அதன் மெல்லிய உணர்விழைகள் நீரில் அலைந்தது, அன்னாவின் பொன்னிறக் கூந்தலை அவருக்கு நினைவூட்டியது. அந்த இனத்துக்கு அன்னாவின் பெயரை வைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு ஜெல்லி மீனுக்கு அவருடைய முழுப்பெயரும் வருமாறு ‘டெஸ்மோனெமா அன்னாசேத்தே’ என்று பெயரிட்டார். ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ தொகுப்பின் எட்டாவது படத்தில் நடுநாயகமாக இருப்பது அதுதான். நீண்டு சுருண்டு இறங்கும் அதன் இழைகளைப் பார்ப்பவர்கள் இன்றும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

துயரத்தை வேலையால் அழுத்தி, இரண்டு பாகங்களில் ‘பொது உருவவியல்’ என்ற நூலை 1866-இல் எழுதி முடித்தார். சூழலியல் என்ற சொல் பிறந்தது அந்த நூலில்தான். அதே ஆண்டு இங்கிலாந்தில் டார்வினின் வீட்டுக்குச் சென்று அவரைச் சந்தித்தார். அங்கிருந்து கேனரித் தீவுகளுக்குப் பயணம். டெனெரிஃப் தீவின் எரிமலை உச்சிக்கு ஏறி அதையும் ஓவியத்தில் கொண்டுவந்தார். 1867-இல் ஆக்னெஸ் ஹுஷ்கேயை மணந்தார். 1873-இல் சினாய் மூவலந்தீவின் தூர் என்ற ஊரில் செங்கடலின் பவளப்பாறைகளைக் கண்டார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று கொதிக்கும் நிறங்களில் படர்ந்திருந்த அந்தப் பவளத் தோட்டங்களை நீர்வண்ணத்தில் தீட்டி, ‘அரேபியப் பவளங்கள்’ என்ற நூலில் சேர்த்தார்.

முகத்துவாரத்திலிருந்து உலக முடிவு வரை

ஹம்போல்ட் சொன்ன வெப்பமண்டலத்தை ஹேக்கல் நேரில் பார்த்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. 1881 அக்டோபரில் யேனாவை விட்டுப் புறப்பட்டு, திரியஸ்தே துறைமுகத்தில் கப்பலேறி, பம்பாயில் ஒரு வாரம் தங்கி, நவம்பர் 21 அன்று கொழும்பில் இறங்கினார். களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரம் பகுதியில் நண்பர்களின் பங்களாவில் தங்கினார். தோட்டத்தில் தென்னை, ஈரப்பலா, வாழை, ஆல். வாழ்நாளெல்லாம் கண்ணாடி வீடுகளில் தொட்டிச் செடியாகப் பார்த்தவற்றை வானுயர்ந்து நிற்கும் மரங்களாகப் பார்த்த பரவசம் அவருடைய கடிதங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இயக்குநர் ஹென்றி டிரிமனின் விருந்தினராக இருந்தார். மகாவலி கங்கை மூன்று புறமும் சுற்றி ஓடும் அந்தப் பூங்காவில், பாம்புகள் நெளிவதுபோல் தரையில் வேரோடிய ரப்பர் ஆல மரங்களின் சாலையும், ஆற்றங்கரையில் வளர்ந்த ராட்சத மூங்கில் புதர்களும் அவரை வரையவைத்தன. வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து மடியும் தாளிப்பனையும் அவர் கவனத்தை ஈர்த்தது.

காலித் துறைமுகத்தில் பவளப்பாறைகளைப் பார்க்க நீரில் மூழ்கி, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு நீந்தினார். செங்கடலில் பார்த்த கொதிநிறங்கள் இங்கே இல்லை. காலியின் பவளங்களில் பச்சைதான் மேலோங்கியிருந்தது என்று ஒப்பிட்டு எழுதினார். விலங்கியலாளர் பவளத்தின் இனத்தைக் குறித்துவைப்பார். நிறத்தின் சமன்பாடு இடத்துக்கு இடம் மாறுவதைப் பிடித்துச் சொல்ல ஓவியரின் கண் வேண்டும். ஹேக்கலிடம் இரண்டும் இருந்தன.

தென்கரையின் வெலிகமவில் ஆறு வாரம் தங்கினார். மணலூர் என்று பொருள்படும் அந்தச் சிங்களப் பெயரை, ‘அழகிய மணி’ என்று பொருள்வரும் இத்தாலியச் சொல்லாகத் திரித்து அழைத்து மகிழ்ந்தார். அரசு ஓய்வு விடுதியின் ஓர் அறை ஆய்வுக்கூடமாயிற்று. விடுதிக் காவலரின் முகச்சாயலைப் பார்த்து அவருக்கு ‘சாக்ரடீஸ்’ என்று பெயரிட்டார். ஒதுக்கப்பட்ட ரொடியா சமூகத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அவருக்கு அன்பான துணையாக இருந்தான். வரைபொருட்களைச் சுமந்து உடன் வந்தவன் அவனே.

அங்கே வேலை எளிதாக இல்லை. ஐரோப்பியக் கடலில் பிடித்த நுண்ணுயிர்கள் குவளையில் பல மணிநேரம் உயிரோடிருக்கும். இங்கே வெயிலில் சூடேறிய நீரில் அவை கரை சேருவதற்குள் இறந்து சிதைந்தன. ஈரக்காற்றில் உலோகக் கருவிகள் துருப்பிடித்தன, புத்தகங்கள் பூஞ்சணம் பூத்தன, சேகரித்த பூச்சிகளை எறும்புகள் தின்று தீர்த்தன. விடுதி வாசலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் குப்பியில் நிலைக்காதது தாளில் நிலைத்தது. வெலிகம விரிகுடாவின் தென்னை வளைவு, மாத்தறை, இலங்கையின் தெற்கு முனையான தேவேந்திரமுனை ஆகியவை அவர் தொகுப்பில் சேர்ந்தன.

1882 பிப்ரவரியில் மலைநாட்டுக்கு ஏறினார். அங்கே ஒரு காலம் முடிந்து மற்றொன்று தொடங்கிக்கொண்டிருந்தது. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டு வந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. காட்டை வெட்டி அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தொழிலாளர்கள். தோட்டத்துக்காக எரித்த மலைச்சரிவுகளின் மொட்டைக் காட்சியைக் கடந்துதான் எவரும் மேலேயுள்ள காட்டை அடைய முடிந்தது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலும் ஹேக்கல் ஏறினார். நுவரெலியாவிலிருந்து டிரிமனுடன் ஹோட்டன் சமவெளியைக் கடந்து, நிலம் சட்டென்று முடிந்து பல நூறு மீட்டர் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பை அடைந்தார். மேகம் விலகும்போது மட்டும் கீழே சமவெளி தெரியும் அந்த இடம் அவருடைய வெப்பமண்டல ஓவியங்களுக்கு மிகப் பொருத்தமான பொருளாக அமைந்தது. அங்கிருந்து களு கங்கை வழியே இறங்கிக் கடற்கரைக்குத் திரும்பினார். இந்தப் பயணத்தின் கடிதங்கள் நூலாகி, 1883-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

ஊர் திரும்பியதும் யேனாவில் புதிய வீட்டைக் கட்டினார். ஜெல்லி மீனின் அறிவியல் பெயரையொட்டி அதற்கு ‘வில்லா மெடூசா’ என்று பெயரிட்டார்.

ஆழ்கடல் தந்த 140 படங்கள்

1872 முதல் 1876 வரை பிரிட்டிஷ் கப்பலான ‘சேலஞ்சர்’ உலகின் பெருங்கடல்களை ஆராய்ந்தது. ஆழ்கடல் தரையிலிருந்து அள்ளப்பட்ட சேற்றில் ரேடியோலேரியாவின் கூடுகள் குவியல் குவியலாக இருந்தன. அவற்றை வகைப்படுத்தும் பணி ஹேக்கலிடம் வந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் வெளிவந்த அறிக்கை 1,800 பக்கங்களைத் தாண்டியது. 4,318 இனங்கள் அதில் விவரிக்கப்பட்டன. அவற்றில் 3,508 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. உடன் 140 படத்தகடுகள்.

இந்தப் படங்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர் யேனாவைச் சேர்ந்த கல்லச்சுக் கலைஞர் அடோல்ஃப் கில்ட்ச். ஹேக்கல் வரைந்து தரும் மூலப்படத்தை கில்ட்ச் சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைவார். கல்லை நனைத்து மை உருட்டும்போது வரைந்த கோடுகள் மட்டும் மையை வாங்கும். நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். முடியளவு கோடும் பிசகாமல், முள்ளின் ஒளியும் நிழலும் தெரியுமாறு செய்த கில்ட்சின் கை இல்லாமல் ஹேக்கலின் ஓவியப் புகழ் இல்லை.

இயற்கையின் கலைவடிவங்கள்

அறிக்கைகள் நிபுணர்களின் அலமாரிக்குத்தான் போகும். தாம் கண்ட அழகு அங்கே அடைந்து கிடப்பதில் ஹேக்கலுக்கு மனம் ஒப்பவில்லை. கடலடியிலும் நுண்ணோக்கியின் கீழும் மறைந்திருக்கும் வடிவங்களைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும், கலைஞர்கள் எடுத்தாள வேண்டும் என்ற நோக்கத்தோடு ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ தொகுப்பை 1899-இல் தொடங்கினார். பத்துப் படங்கள் கொண்ட பத்துத் தொகுதிகள் 1904 வரை வெளிவந்தன. மொத்தம் 100 படங்கள்.

முதல் படத்தில் ரேடியோலேரியா. கடைசிப் படத்தில் மறிமான் தலைகள். நடுவே கடற்சாமந்தி, பவளம், நட்சத்திர மீன், சிப்பி, அம்மோனைட் புதைபடிவம், பெட்டி மீன், சிலந்தி, வௌவால், தவளை, ரீங்காரச்சிட்டு, பாசி, பெரணி, ஆர்க்கிட், குடுவைத் தாவரம். ஆயினும் பெரும்பகுதி முதுகெலும்பில்லாத கடல் உயிர்கள்தான்.

ஒவ்வொரு படமும் ஓர் ஓவியமாகவே அமைக்கப்பட்டது. பெரிய உருவம் ஒன்று நடுவில் இருக்கும். அதைச் சுற்றிச் சிறியவை இருபுறமும் ஒத்திருக்குமாறு நிற்கும். வீட்டு வாசலில் புள்ளி வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக இழையோட்டி முடிக்கும் கோலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. மையம், அதிலிருந்து பிரியும் ஆரங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற சமச்சீர் ஒழுங்கில்தான் உயிரின் கட்டமைப்பும் கலையின் கட்டமைப்பும் ஒன்றை ஒன்று தொடுகின்றன என்று ஹேக்கல் நம்பினார். உயிரும் பொருளும் வேறல்ல, இயற்கை முழுவதும் ஒன்றே என்ற அவருடைய ஒருமைவாதத்துக்கு இந்தப் படங்கள் கண்ணால் காணும் சான்றாக அவருக்குப் பட்டன.

கலைஞர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியின் மாபெரும் நுழைவாயிலை வடிவமைத்த ரெனே பினே, ரேடியோலேரியாவின் கூட்டை மாதிரியாகக் கொண்டார். அதன் முழு அமைப்பிலிருந்து நுணுக்கங்கள்வரை எல்லாம் ஹேக்கலின் ஆய்வுகள் தந்ததே என்று அவருக்குக் கடிதமும் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் உருவத்துக்குள் புகுந்துதான் பார்வையாளர்கள் அந்தக் கண்காட்சிக்குள் சென்றார்கள். 1910-இல் திறக்கப்பட்ட மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் ஜெல்லி மீன் வடிவத்தில் ஒரு பெரிய கண்ணாடி விளக்கு தொங்குகிறது. வளைந்து நெளியும் கொடிக்கோடுகளால் அடையாளம் காணப்படும் அக்காலத்து ‘ஆர்ட் நூவோ’ பாணிக்குக் கடலிலிருந்து புதிய வடிவங்கள் கிடைத்தன. ஸ்காட்லாந்து அறிஞர் டார்சி தாம்சன், உயிர்களின் வடிவத்தை இயற்பியல் விதிகளால் விளக்கி 1917-இல் எழுதிய நூலில் ஹேக்கலின் ரேடியோலேரியாப் படங்களை எடுத்தாண்டார்.

ஓவியராகப் போன பயணம்

1900-இல், அறுபத்தாறு வயதில், மீண்டும் வெப்பமண்டலத்துக்குப் புறப்பட்டார். இம்முறை சிங்கப்பூர், ஜாவா, சுமாத்ரா. ஜாவாவின் புகழ்பெற்ற பொகோர் தாவரவியல் பூங்காவில் தங்கி வரைந்தார். பிற்பகலில் அடிக்கடி மழை கொட்டும் ஊர் அது. கெடே எரிமலையின் அடிவாரத்திலுள்ள சிபோடஸ் மலைப்பூங்காவில், பெரணி மரங்களும் பாசி போர்த்த கிளைகளும் நிறைந்த மலைக்காட்டைத் தீட்டினார். சுமாத்ராவில் முழங்காலில் காயம்பட்டு நடமாட்டம் குறைந்தது.

வெப்பமண்டலக் காட்டைத் தீட்டுவது ஐரோப்பிய ஓவியருக்குச் சிக்கலான வேலை. ஒரு மரம் தனித்து நிற்காது. கொடி, ஒட்டுண்ணி, வேர், இலை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து ஒரே பச்சையாகத் தெரியும். வெறும் பச்சைக் குழப்பமாகப் போய்விடாமல் அதை வரைய, எது எதைப் பற்றி வளர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹேக்கலுக்கு அது தெரியும். அவருடைய நிலக்காட்சிகளில் பனையும் மூங்கிலும் பெரணியும் இனம் அடையாளம் காணும் அளவுக்குத் தெளிவாக இருப்பதும், அதே நேரம் காடு காடாகவே நிற்பதும் அதனால்தான். தேர்ந்த ஓவியர்களின் கைநயம் அவற்றில் எல்லா இடத்திலும் இல்லை. நிறம் சில இடங்களில் கடுமையாக இருக்கிறது. ஆனால் பார்த்த இடத்தின் மீதுள்ள காதல் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. இலங்கை, ஜாவா, சுமாத்ராக் காட்சிகளிலிருந்து தேர்ந்தெடுத்த நீர்வண்ண ஓவியங்களும் எண்ணெய் ஓவியங்களும் ‘பயணப் படங்கள்’ என்ற பெயரில் 1905-இல் நூலாக வெளிவந்தன. காப்ரியில் இருபத்தைந்து வயது இளைஞர் கண்ட கனவு எழுபத்தொன்றாவது வயதில் நிறைவேறியது.

கை மீறிய இடங்கள்

ஒழுங்கைத் தேடும் கை, ஒழுங்கு இல்லாத இடத்திலும் அதைத் திணிக்கும் ஆபத்து உண்டு. ஹேக்கலின் வாழ்வில் அது நடந்தது. 1868-இல் வெளிவந்த ‘இயற்கையான படைப்பின் வரலாறு’ நூலில் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் கருக்கள் தொடக்கநிலையில் ஒரேபோல் இருக்கும் என்று காட்ட, ஒரே மரக்கட்டை அச்சையே மூன்று முறை பயன்படுத்தினார். பாசெல் நகரின் லுட்விக் ருடிமேயர் இதைக் கண்டுபிடித்துச் சுட்டினார். ஹேக்கல் பின்வந்த பதிப்புகளில் அதைத் திருத்தினார். ஆனால் கருவியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் அவருடைய மற்றக் கருப்படங்களையும் கடுமையாக விமரிசித்தார். 1997-இல் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழுவினர் உண்மையான கருக்களின் ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடுகள் எவ்வளவு என்பதைக் காட்டினார்கள். கரு வளரும்போது தன் முன்னோர்களின் வடிவங்களைத் திரும்ப எடுத்து வருகிறது என்ற ஹேக்கலின் விதியையும் அவர் சொன்ன வடிவில் இன்றைய உயிரியல் ஏற்பதில்லை. சிறுவயதில் பொருந்தாத செடிகளைத் தனியே ஒளித்துவைத்தவர், பெரியவரானதும் பொருந்தாத விவரங்களைப் படத்திலிருந்தே விலக்கினார்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. மனிதக் குழுக்களை உயர்வு தாழ்வாக ஏணிப்படியில் அடுக்கி, அதற்குப் பரிணாமத்தின் பெயரைச் சூட்டினார். இலங்கைக் கடிதங்களில் மக்களைப் பற்றிய அவருடைய பார்வையிலும் ஆளும் ஐரோப்பியரின் மேட்டிமை கலந்திருக்கிறது. அறிவியல் அந்தக் கருத்துகளை முற்றிலும் நிராகரித்துவிட்டது. ஜெல்லி மீனின் ஓர் இழையைக்கூடத் தவறவிடாத கண், தன்னோடு நடந்த மனிதரைப் பார்ப்பதில் தவறியது. அவருடைய ஓவியங்களை ரசிப்பவர்கள் இதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பவை

ஹேக்கல் 1909-இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குச் சற்றுமுன், பரிணாமத்தை மக்களுக்கு விளக்குவதற்காக யேனாவில் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். 1919 ஆகஸ்ட் 9 அன்று வில்லா மெடூசாவில் காலமானார். அந்த வீடு இன்று அவருடைய நினைவு அருங்காட்சியகம். கடிதங்கள், குறிப்பேடுகள், ஓவியங்கள் எல்லாம் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கூரையில் அவருடைய ஜெல்லி மீன்கள் வண்ணத்தில் மிதக்கின்றன.

‘இயற்கையின் கலைவடிவங்கள்’ தொகுப்பு நூறாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அவர் விவரித்த ரேடியோலேரியா இனங்களில் பலவற்றின் பெயரையும் வகைப்பாட்டையும் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த உயிர்களை ஆராய்பவர்கள் இன்றும் அவருடைய 140 படங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ரேடியோலேரியாவின் கூடுகள் கடலடியில் படிந்து பாறையாகிவிடுவதால், பாறையின் வயதையும் பழங்காலக் கடலின் நிலையையும் கணிக்க நிலவியலாளர்களுக்கு அவை உதவுகின்றன. ஹேக்கல் வியந்து தீட்டிய பவளப்பாறைகள் கடல் சூடேறுவதால் உலகெங்கும் வெளுத்து வருகின்றன. காலியின் பச்சையும் செங்கடலின் ஆரஞ்சும் ஒரு காலத்தில் எப்படி இருந்தன என்பதற்கு, கடலுக்குள் கண்திறந்து நீந்திய அந்த விஞ்ஞானியின் எழுத்தும் நீர்வண்ணமும் சாட்சியாக இருக்கின்றன.